கடைந்தெடுத்த கலை

தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுக்கிறோம். கீரையைக் கடைந்து சோற்றுக்குச் சேர்த்துக்கொள்கிறோம். தேவரும் அசுரரும் பாற்கடலைக் கடைந்து அமுதம் எடுத்தனர் என்று புராணம் கூறுகிறது. மரத்தைச் சுழலவிட்டு, அதன்மேல் உளியை வைத்து உருட்சியான பொருள் செய்யும் தொழிலுக்கும் நம்மவர் வேறு சொல் தேடவில்லை. அதனையும் கடைதல் என்றே வழங்கினர். அத்தொழில் நடக்கும் இடம் கடைசற் பட்டறை. வெண்ணெய்க்கும் மரத்துக்கும் என்ன உறவு என்று மாணவர் கேட்கக்கூடும்.

உறவு கயிற்றில் இருக்கிறது. மத்தில் இரண்டு சுற்றுக் கயிற்றைச் சுற்றி அதன் இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால், மத்து ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் சுழலும். பழைய கடைசற் பட்டறையும் இவ்வாறே இயங்கிற்று. நிலத்தில் ஊன்றிய இரண்டு கட்டைகளுக்கு நடுவே, இரண்டு கூரிய முனைகளில் மரத்துண்டு தாங்கி நிற்கும். அதிற் கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுப்பார். மற்றவர் உளி பிடிப்பார். மரம் தம்மை நோக்கிச் சுழலும் அரை நொடியில் உளியை அழுத்துவார். எதிர்ப்புறம் சுழலும்போது சற்றே எடுத்துவிடுவார். மந்தரமலையை மத்தாகவும் வாசுகியைக் கயிறாகவும் கற்பனை செய்த புலவர், ஆய்ச்சியர் வீட்டு முற்றத்தை மட்டுமன்றித் தச்சர் வீட்டு முற்றத்தையும் பார்த்திருப்பாரோ என்று நாம் எண்ணுவதுண்டு. இது நமது ஊகமேயன்றி ஆராய்ச்சி முடிவன்று.

இத்தொழிலின் வயது பெரிது. எகிப்து நாட்டில், கி.மு. 300 அளவில் அமைந்த பெற்றோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில், ஒருவர் கயிற்றை இழுக்க மற்றவர் கடையும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. பின்னர்க் காலால் மிதிக்கும் பட்டறை வந்தது, பெருஞ்சக்கரம் வந்தது, நீர்ச்சக்கரம் வந்தது, இறுதியில் மின்சாரம் வந்தது. மரம் ஒரே திசையில் ஓயாது சுழலத் தொடங்கியதும் வேலை விரைந்தது. ஆயினும் உளிக்கும் மரத்துக்கும் இடையே உள்ள வழக்கு எகிப்தியர் காலத்தில் இருந்ததுதான். கை சற்றுப் பிசகினால் அன்றும் மரம் கிழிந்தது; இன்றும் கிழிகிறது.

நம் வாழ்வில் கடைசல் வேலை கலவாத பருவம் இல்லை எனலாம். தொட்டிலின் கம்புகள், சிறுவரின் பம்பரம், சிறுமியர் விளையாடும் செப்புச் சாமான், கோலாட்டக் கோல், சதுரங்கக் காய், கட்டிற்கால், அப்பளக் குழவி யாவும் கடைந்தவையே. கலியாணப் பந்தலில் ஒலிக்கும் நாதஸ்வரமும் கடைந்ததுதான். இவற்றுட் பலவற்றின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டதை நாம் சொல்லி வாசகர் அறிய வேண்டியதில்லை. பசறைச் சந்தையில் இன்று விற்கும் பம்பரங்களை எடுத்துப் பார்த்தாலே போதும்.

ஒரு மாலைப்பொழுதிற் பிறக்கும் கிண்ணம்

மேலை நாடுகளில் இக்கலைக்கு வேறொரு வாழ்வு கிடைத்திருக்கிறது. அங்கும் தொழிற்சாலைகள் பெருகியபின் கடைசற்காரரின் பிழைப்புக் குன்றிற்று. ஆனால் 1970ஆம் ஆண்டுகளில், பிழைப்புக்காக அன்றி விருப்பத்துக்காகக் கடைபவர்கள் ஒருவரையொருவர் தேடத் தொடங்கினர். 1976இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கடைசற்காரர்கள் கூடி, ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்கும் பயிலரங்குகள் ஆரம்பமாயின. 1986இல் அமெரிக்கக் கடைசற்காரர் சங்கமும், 1987இல் பிரித்தானியக் கடைசற்காரர் சங்கமும் தோன்றின. இன்று இவற்றைச் சார்ந்த ஊர்க்கழகங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஓய்வுபெற்ற ஆசிரியர், மருத்துவர், பேருந்துச் சாரதி, பாடசாலை மாணவர் என்று பலதிறத்தாரும் பெரும்பாலும் மாதத்துக்கு ஒருமுறை ஊர் மண்டபத்திற் கூடுகின்றனர்.

கூட்டத்தின் உயிர்நாடி செய்முறை விளக்கம். மண்டபத்தின் முன்புறம் பட்டறை இருக்கும். அதற்கு மேலே ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்வாகப் பொருத்துவது பழைய வழக்கம். பின்வரிசையில் இருப்பவரும் உளியின் வாயைக் காணவேண்டும் அன்றோ? இப்பொழுது கமராவும் திரையும் அந்த வேலையைச் செய்கின்றன. வந்திருக்கும் கைவல்லவர் ஒரு மரக்குற்றியை இறுகப் பொருத்தி, முதலிற் கையாற் சுற்றிப் பார்ப்பார். எங்கும் தட்டவில்லை என்று கண்டபின்பே மின்விசையைத் தொடுவார். குற்றி கோணலாக இருப்பதால் முதலிற் பட்டறை அதிரும். குழிந்த வாயுள்ள உளி பட்டதும் சில்லுகள் பறக்கும். சிறிது நேரத்தில் அதிர்வு அடங்கிக் குற்றி உருண்டையாகும். வெளிப்புறம் முடிந்ததும் அதனைத் திருப்பிப் பொருத்தி உட்புறத்தைக் குடைவார். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கிண்ணம் உருவாகிவிடும்.

அவர் கை வேலை செய்துகொண்டிருக்க, வாய் காரணங்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும். எந்த வேகத்திற் சுழற்றுவது? அங்குலத்திற் கணக்கிட்ட விட்டத்தை நிமிடச் சுழற்சி எண்ணிக்கையாற் பெருக்கினால், வரும் தொகை 6,000க்கும் 9,000க்கும் இடையில் இருக்கவேண்டும் என்பது அவர்களிடையே வழங்கும் வாய்பாடு. பத்து அங்குலக் கிண்ணமாயின் நிமிடத்துக்கு 600 முதல் 900 சுற்று. 900 சுற்றில் அதன் விளிம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 39 அடி ஓடுகிறது. நம் மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். அவ்வாறு ஓடும் விளிம்பிலிருந்து ஒரு துண்டு பிய்ந்தால் என்னவாகும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். முகக்கவசம் அணியாதவரைப் பட்டறை அருகில் விடாத விதி அதனால் ஏற்பட்டது. தொங்கும் சால்வையும் தளர்ந்த கைச்சட்டையும் முடியாத கூந்தலும் அங்கே பகை.

மற்றொரு பாடம் பச்சை மரத்தைப் பற்றியது. வெட்டிய மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரேயளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களை ஒட்டிச் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே பச்சை மரத்தில் வட்டமாகக் கடைந்த கிண்ணம் உலர்ந்தபின் முட்டை வடிவாகிவிடும். இதற்கு ஓர் உபாயம் செய்கின்றனர். முதலிற் கிண்ணத்தின் சுவரை, விட்டத்திற் பத்தில் ஒரு பங்கு தடிப்பாக விட்டுக் கடைவார்கள். பல மாதம் உலரவிடுவார்கள். அது கோண வேண்டிய மட்டும் கோணியபின் மறுபடியும் பட்டறையில் ஏற்றி மெல்லியதாகக் கடைவார்கள். அவசரக்காரருக்கு இந்தக் கலை வாய்ப்பதில்லை.

கூட்டத்தின் மறுபகுதியும் நமக்குப் பிடித்திருக்கிறது. அங்கத்தவர் அந்த மாதத்திற் செய்தவற்றையெல்லாம் ஒரு மேசையிற் பரப்பி வைக்கின்றனர். அழகானவை மட்டும் அங்கே வருவதில்லை. வெடித்த கிண்ணமும், அடி ஓட்டையான குவளையும் வருகின்றன. எங்கே பிழைத்தது என்று மூத்தவர் எடுத்துச் சொல்ல, இளையவர் கேட்டுக்கொள்கிறார். மரத்துண்டுகள் கைமாறுகின்றன, கூர்தீட்டும் முறை கைமாறுகிறது. அமெரிக்கக் கழகங்கள் பல, கடும் நோயுற்ற சிறுவர்கள் தங்கள் சிகிச்சையின் ஒவ்வொரு படிக்கும் பெறும் மணிகளைச் சேர்த்து வைப்பதற்கென்று மூடியிட்ட மரச்சிமிழ்களைக் கடைந்து இலவசமாகக் கொடுக்கின்றன.

இவை யாவும் இக்காலத்துக் கையடக்கத் தொலைபேசியிற் கிடைக்கின்றனவே என்று இளைஞர் சொல்லலாம். கிடைக்கின்றன, பார்க்கவும் வேண்டும். ஆயினும் உளி நன்றாக வெட்டும்போது எழும் ஒலி வேறு. வெட்டாமற் சுரண்டும்போது எழும் ஒலி வேறு. பக்கத்தில் நிற்கும் கற்றவர், “கேட்டாயா? இப்போது கைப்பிடியைச் சற்றுத் தாழ்த்து” என்று சொல்லும் அந்தக் கணத்தைத் தொலைபேசி தருவதில்லை.

பூட்டிய வீடுகள்

நம் நாட்டிலும் அயல்நாட்டிலும் இக்கலையில் வல்லவர் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். ஆனால் அவர்களுடைய செய்முறை மண்டபத்தில் நடக்கவில்லை. வீட்டுக்குள் நடந்தது.

மாத்தளை மாவட்டத்துப் பல்லேஹப்புவிட என்னும் கிராமம் அரக்கு வேலைக்குப் பெயர்போனது. கடைந்த மரம் சுழன்றுகொண்டிருக்கையிலேயே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்திற் படியும். நெருப்பும் தூரிகையும் இல்லாமலே சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக வளையங்கள் தோன்றும். பின்னர் ஓர் ஓலைத்துண்டை அழுத்திப் பிடித்தால் பளபளப்பு வந்துவிடும். கைத்தடி, கொடிக்கம்பு, சிமிழ் முதலியன இவ்வாறு உருவாயின. நம் தமிழ்ப் பெரியார் சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைமை தாங்கிய காலத்தில், கல்லைத் தேடிச் சென்ற கிராமங்களிற் கலைஞரைக் கண்டார். 1908இல் வெளிவந்த அவருடைய மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் அரக்குக் கடைசலும் இடம்பெற்றுள்ளது. அவ்வேலை செய்தோருக்குச் சிங்களத்தில் வழங்கிய பெயருக்கு அம்பு செய்வோர் என்று பொருள். போர் ஒழிந்து அம்பு வேண்டாமற் போனபின்பும் உருட்டிக் கடையும் கை மட்டும் எஞ்சி நின்றது போலும்!

தமிழகத்தில் கும்பகோணத்துக்கு அண்மையிலுள்ள நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் பிறப்பிடம். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்து உத்திரங்களே அதற்கு உகந்தவை; பல்லாண்டு காய்ந்து ஈரம் அறவே நீங்கிய மரம் அது. வெளிப்புறத்தைக் கடைவது ஒரு பங்கு வேலை. உள்ளே மேலிருந்து கீழாக விரிந்து செல்லும் துளையை அளவு தவறாது குடைவதே முக்காற் பங்கு வேலை. இசைப்பேரரசர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956), உச்சமாக ஒலிக்கும் பழைய திமிரி நாயனத்தை விட்டுச் சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை வாசிக்கத் தலைப்பட்டபோது, அதற்கு வேண்டிய அளவுகளைக் கண்டு கருவியை ஆக்கிக் கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை இரங்கநாதன் ஆசாரி. இன்று நாம் கோயில்தோறும் கேட்கும் கம்பீரமான ஒலி அந்தப் பட்டறையிற் பிறந்தது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. எனினும் அதனைச் செய்யும் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. குறியீடு பெயரைக் காக்கும். கையைக் காப்பது வேறு காரியம்.

தந்தை தன் மகனுக்கு மட்டும் காட்டினான். மகன் வேறு உத்தியோகம் தேடிப் போனதும் கதவு மூடிற்று. இதற்காக அந்தத் தந்தையைக் குறைகூற நமக்கு மனம் இல்லை. அளவுகளை ஊரறியச் சொல்லிவிட்டால் அடுத்த மாதம் அடுப்பு எரியுமா என்ற அச்சம் அவனுக்கு இருந்தது. இலண்டன் மாநகரத்துக் கடைசற்காரர் குழாமும் 1604இல் அரசனிடம் சாசனம் பெற்றது தொழிலைத் தங்களுக்குள் வைத்துக்கொள்வதற்கே. கடைசலையே நம்பி வாழாதவர்தான் அதனைக் கூச்சமின்றிப் பிறருக்குக் காட்டமுடிகிறது. ஊர்க்கழகங்களின் தாராள மனத்துக்கு அடியில் இந்த உண்மை இருக்கிறது. ஆகவே நரசிங்கம்பேட்டையாரைப் பார்த்து, “நீங்களும் மண்டபத்துக்கு வாருங்கள்” என்று சொல்வது எளிது. அவர்களுக்குத் தக்க ஊதியமும் மாணவருக்கு உதவிப்பணமும் அளித்த பின்பே அவ்வாறு சொல்வது முறை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதை ஜேர்மனியின் மலைக்கிராமமாகிய சைஃபன் காட்டுகிறது. அவ்வூரார் வெள்ளீயச் சுரங்கத்தையே நம்பி வாழ்ந்தவர்கள். ஈயம் குறையக் குறைய, 18ஆம் நூற்றாண்டில் மரம் கடைந்து விளையாட்டுப் பொருள் செய்யும் தொழிலுக்கு மாறினர். அவர்கள் கண்ட உபாயம் வியப்பானது. ஈர மரத்தில் ஒரு வளையத்தைக் கடைகின்றனர். பார்ப்பதற்கு அது மேடும் பள்ளமுமான ஒரு வளையமே. அதனைக் கத்தியால் துண்டு துண்டாகப் பிளந்தால், ஒவ்வொரு துண்டும் ஒரு பசுவாகவோ குதிரையாகவோ யானையாகவோ விழுகிறது! வளையத்தின் குறுக்குவெட்டே அந்த விலங்கின் வடிவம். பிளக்கும் வரையில் கடைபவர் அவ்வுருவை முழுமையாகக் காண்பதில்லை, மனக்கணக்கிலேயே கடைகிறார். அங்கே நீர்ச்சக்கரத்தால் இயங்கும் பழைய பட்டறையை அருங்காட்சிச் சாலையாக்கி, வருவோர் முன்னிலையில் வளையம் கடைந்து காட்டுகின்றனர். இதனாற் கலையும் நிற்கிறது, ஊரும் பிழைக்கிறது.

நம் மலையில் என்ன இருக்கிறது?

ஒரே தொழிலை நம்பியிருந்த மலைக்கிராமம் என்றதும் நமக்கு நம் தோட்டங்கள் நினைவுக்கு வருவது இயல்பு. நமுனுகுலை மலையின் அடிவாரத்தில், பதுளையிலிருந்து செங்கலடி செல்லும் பெருஞ்சாலையில் உள்ள நம் பசறையைச் சுற்றிலும் தேயிலை. படித்த பிள்ளைகள் கொழும்புக்கும் அதற்கப்பாலும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு கடைசற் கழகம் இவர்களைத் தடுத்து நிறுத்திவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. பரம்பரைக் கடைசற்காரர் என்று சொல்லத்தக்க குடும்பங்கள், நாம் அறிந்தவரை, இப்பகுதியில் இல்லை. ஆதலின் எவருடைய இரகசியமும் இங்கே பறிபோகாது. எவருடைய அடுப்பும் அணையாது. இது ஒரு வசதியே.

மரத்துக்கும் குறைவில்லை. தேயிலைக்கு நிழலாக நாட்டப்பட்ட சவுக்கு மரத்தை எடுத்துக்கொள்வோம். சிங்களத்தில் இதனைச் சபுக்கு என்பர். இதன் தாயகம் அவுஸ்திரேலியா. அந்நாட்டுக் கடைசற்காரர் இதனைத் தேடி வாங்குகின்றனர். நடுவிலிருந்து வெளிநோக்கி வெட்டிய முகத்தில், பட்டுத்துணியில் நெய்த பின்னலைப் போன்ற பளபளப்பான கோலம் தெரியும். நாமோ ஆண்டுதோறும் கிளை நறுக்கி அடுப்பில் வைக்கிறோம்! இதன் தூள் சிலருடைய தோலில் அரிப்பை உண்டாக்கும். ஆகவே மூக்கையும் கையையும் மூடிக்கொண்டு கடையவேண்டும். பிடுங்கி எறியப்படும் முதிய தேயிலைச் செடியின் அடிக்கட்டை சிறியதாயினும் கெட்டியானது. பம்பரத்துக்கும் பேனாத் தண்டுக்கும் ஏற்றது. கொய்யாவும் நன்றாகக் கடையும். பலா மஞ்சள் நிறத்தில் அழகாக வரும்; மிருதங்கத்தின் உடல் அதுதானே! ஆனால் பலா மரத்தை வெட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் விதிக்கிறது. கழகத்தார் காற்றில் முறிந்த கிளையோடு நிற்பதே நல்லது.

கூடுவதற்கு நாளும் தேடவேண்டியதில்லை. மாதந்தோறும் போயா விடுமுறை வருகிறது. இடத்துக்குப் பாடசாலையின் தச்சு வேலை அறையோ வாசிகசாலையின் பின்கட்டோ போதும். மின்சாரப் பட்டறை ஒன்றின் விலை ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்கு எட்டாதது என்பதை நாம் அறிவோம். ஆனால் பலர் சேர்ந்தால் எட்டும். அது வரும்வரை காலால் மிதிக்கும் பட்டறையை ஊர்த் தச்சரே செய்துவிடலாம். வளைந்து நிமிரும் ஒரு நீண்ட கொம்பு, ஒரு கயிறு, ஒரு மிதிபலகை, இவ்வளவே அதன் உறுப்புகள். பெண்பிள்ளைகளையும் சேர்க்கவேண்டும். கொழுந்து பறித்துத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய விரல்களின் நுண்மை உளியிடத்துத் தோற்குமா என்ன?

வழிகாட்டுவதற்கு முதல் ஆண்டில் ஒரு கைவல்லவரை அழைக்கவேண்டும். மாத்தளைக்கும் பசறைக்கும் இடையே பயணம் ஒரு நாளில் முடியும். பல்லேஹப்புவிடக் கலைஞர் ஒருவரைப் போக்குவரத்துச் செலவும் நாட்சம்பளமும் குறைவின்றிக் கொடுத்து வரவழைத்து, அவர் அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் வைப்பதைத் தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஒரே வாங்கிலிருந்து பார்க்கட்டும். பேச்சுமொழி தெரியாவிட்டாலும் குறையில்லை. இந்தப் பாடத்தின் பெரும்பகுதி கண்ணுக்குரியது.

இதற்கிடையில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதற்குக் கழகமும் வேண்டாம், பணமும் வேண்டாம். இனிமேற் சவுக்குக் கிளை நறுக்கும்போது, மணிக்கட்டினும் பருத்த கிளைகளில் நல்லனவற்றை ஒரு முழ நீளத்துக்கு அறுத்து எடுத்துக்கொள்ளலாம். நடுவிலுள்ள நெட்டி வழியாகவே வெடிப்பு ஓடும். ஆதலின் அதன் ஊடாக நீளவாட்டில் இரண்டாகப் பிளந்துவிட வேண்டும். ஈரம் வெட்டுமுகத்தின் வழியாகவே விரைந்து வெளியேறும்; அதனாலும் வெடிப்பு உண்டாகும். எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை உருக்கி இரு முனைகளிலும் பூசினால் அதனைத் தடுக்கலாம். பின்னர் வெயில் படாத, காற்று உலாவும் ஓரிடத்தில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கவேண்டும். ஒவ்வொன்றின்மீதும் மரத்தின் பெயரையும் நறுக்கிய தேதியையும் எழுதிவைத்தால், பட்டறை ஓர் ஆண்டு தாமதித்து வந்தாலும் மரம் ஆயத்தமாக இருக்கும்.